பழைய கல்வீட்டோடு புது அறை சேர்க்கும் முன்

இங்கிலாந்துக் கிராமத்தில் நூற்றைம்பது வயதுக் கல்வீடு ஒன்றை வாங்கி, பின்பக்கம் ஓர் அறையை இழுத்துக் கட்ட நினைக்கிறீர்களா? சிமென்ட் பூசினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம் ஊர் நம்பிக்கையை முதலில் கழற்றி வையுங்கள்.

அந்தச் சுவர் அரை மீட்டர் பருமன் இருக்கும்; நடுவில் காற்றிடைவெளி கிடையாது. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். மழையில் ஈரத்தை வாங்கிக்கொண்டு, காற்றடிக்கும்போது சாந்து வழியே விட்டுவிடும். என் வீட்டில் முன்பு இருந்தவர் கல் இடுக்குகளைச் சிமென்டால் அடைத்திருந்தார். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். சிமென்ட் பாளமாகக் கழன்றது. பக்கத்துக் கல் மாவாக உதிர்ந்தது. சாந்து வழி அடைபட்டதால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து அதை உடைத்திருந்தது. உள்ளே அலமாரிக்குப் பின்னால் ஓதம் ஏறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

ஆகவே வெப்பம் காக்கும் வேலையைப் புது அறையில் தாராளமாகச் செய்யுங்கள். பழைய சுவரை மூச்சுவிட விடுங்கள். கட்டட விதிகளின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, வீட்டோடு சேர்த்துக் கட்டும் பகுதியின் யு மதிப்பு, அதாவது வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதற்கான அளவு, சுவருக்கு 0.18, கூரைக்கு 0.15 என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. எண் குறையக் குறைய வெப்பம் வெளியேறுவதும் குறையும். முழுவதும் கண்ணாடியாகக் கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆனால் கண்ணாடியின் பரப்புக்கும் விதி வரம்பு வைத்திருக்கிறது. தெற்கு நோக்கி ஒரு நல்ல ஜன்னல், மேலே நீண்ட இறவாணம் போதும்: குளிர்காலத்தில் தாழ்வாக வரும் வெயில் உள்ளே நுழையும், கோடையில் உச்சிவெயில் தடுக்கப்படும்.

பழைய வெளிச்சுவரின் ஒரு பகுதி இனி உட்சுவர். அதன் குளிர் தானாகவே தீர்ந்துவிடுகிறது. அதன்மேல் வெப்பம் காக்கும் ஃபோம் பலகை ஒட்டச் சொல்லும் பில்டரின் பேச்சைக் கேட்காதீர்கள். சுண்ணாம்புப் பூச்சே போதும். பழைய கூரையும் புதுக் கூரையும் சேரும் மடிப்பில் மழைநீர் இறங்காதபடி ஈயத்தகடு ஒழுங்காகப் போடப்பட்டிருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறி நீங்களே பாருங்கள். புது அறை காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கும் என்பதால், அங்கே சமைப்பதானால் ஆவியை வெளியே தள்ளும் மின்விசிறி கட்டாயம் வேண்டும்.

அனுமதி விஷயத்தில் அசட்டை கூடாது. வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால், ஒப்புதலின்றி அதன் தன்மையை மாற்றுவது கிரிமினல் குற்றம். முதலில் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலில் கேளுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்து, அதில் கை வைப்பதானால் 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் முன்னறிவிப்பு தர வேண்டும். கூரைக்குள் வௌவால் குடியிருந்தால் அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே எதையும் தொடுவதற்கு முன் நிபுணரைக் கேட்க வேண்டும்.

பில்டரிடம் சுண்ணாம்பில் வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைத் தேடுங்கள். சாந்து காயும் முன் உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும். அதனால் வெளிப்பூச்சு வேலையை இலையுதிர் காலம் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.