கோத்தகிரியில் மிரர் கவருக்குப் பெயின்ட் அடிக்க நல்ல நேரம்

என் வேகன்-ஆர் அடிப்படை மாடல். உடம்பு முழுக்க சில்வர், மிரர் கவர் இரண்டும் கதவுக் கைப்பிடி நான்கும் மட்டும் கறுப்பு. வாங்கின புதிதில் அது கண்ணில் படவில்லை. ஆறு வருஷ மலை வெயிலில் அந்தக் கறுப்பு சாம்பல் பூத்து வெளுத்தபோதுதான் உறுத்த ஆரம்பித்தது. வீட்டிலேயே அடித்தேன். முதல் தடவை கெட்டது, இரண்டாம் தடவை நன்றாக வந்தது. வீட்டில் அடிக்க நினைக்கும் மலைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே சமவெளியில் அடிப்பவர்களைவிட நாம் அதிகம் கவலைப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. அதுதான் காற்றில் உள்ள ஈரம்.

முதலில் நிறம். பானட்டுக்குள்ளோ, கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதில் நிறத்தின் குறியீட்டை (கலர் கோட்) போட்டிருப்பார்கள். மாருதி சில்க்கி சில்வர் என்றால் இசட்2எஸ். குறியீட்டை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். வெயிலில் கிடந்த காரின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். பெட்ரோல் டேங்க் மூடியின் வெளிக்கதவைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினால், கம்ப்யூட்டர் மிக்சிங் செய்பவர் அதைப் பார்த்துத் திருத்திக் கலப்பார். நான் கோவையில் கலந்து வாங்கினேன். சில கடைகளில் ஸ்பிரே கேனிலேயே அடைத்துக் கொடுக்கிறார்கள். கீழே வாங்கிய தின்னர் டின்னை மேலே வந்து திறக்கும்போது மூடிமேல் துணி போட்டு மெதுவாகத் திறவுங்கள். காற்றழுத்தம் இங்கே குறைவு என்பதால் புஸ்ஸென்று தெறிக்கும்.

அப்புறம் பிளாஸ்டிக் எந்த வகை என்று பாருங்கள். பாகத்தின் உள்பக்கம் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் நல்லது, பெயின்ட் பிடிக்கும். பிபி என்றோ, பிபி-யோடு வேறு எழுத்துகள் சேர்ந்தோ இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். பம்பர்கள் பெரும்பாலும் அந்த வகைதான். அதில் பெயின்ட் ஒட்டிக்கொள்வதற்காகப் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் அட்ஹீஷன் புரமோட்டர் அடிக்காமல் என்ன அடித்தாலும், ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் தோல் மாதிரி உரிந்து வரும்.

கவரைக் கழற்றுவதற்கு வெயில் ஏறட்டும். ஜனவரிக் காலையில் பிளாஸ்டிக் கிளிப் விறைத்துப்போய் இருக்கும், நெம்பினால் முறியும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிச் சூடாக்கிவிட்டு எடுங்கள். என் காரில் முதலில் கண்ணாடியை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து கிளிப்பை அழுத்த வேண்டியிருந்தது.

பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவுங்கள். பளபளப்புக்காக எப்போதோ பூசின பாலிஷில் சிலிக்கான் இருக்கும். அது ஒரு துளி மிஞ்சினாலும் பெயின்ட் அந்த இடத்தில் மீன் கண் மாதிரி வட்டமாக விலகி நிற்கும். அடுத்து 400 நம்பர் வாட்டர் பேப்பரால் சோப்புத் தண்ணீர் விட்டு, பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். கவரில் பொரிபொரியாக டிசைன் இருந்தால் தேய்த்தே சமன் செய்யப் பார்க்காதீர்கள், நார் எழும்பும். அதைத் தடிமனான பிரைமர் (அடிப்பூச்சு) இரண்டு மூன்று கோட் மூடிவிடும். கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரால் துடைத்தால் ஏபிஎஸ் இளகிவிடும்.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன். நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஃபெர்மென்டிங் ரூம் சுவரில் இரட்டைத் தெர்மாமீட்டர் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத் திரி சுற்றியிருக்கும். இரண்டும் காட்டும் அளவு நெருங்கி வந்தால் காற்றில் ஈரம் அதிகம், விலகினால் காற்று காய்ந்திருக்கிறது. தேயிலைக்கு அவை ஒட்டியே இருக்க வேண்டும். பெயின்டுக்கு அதற்கு நேர் எதிர்.

இது தெரிந்த நானே முதல் தடவை பார்க்காமல் அடித்தேன். நவம்பரில் ஒரு பிற்பகல், மணி மூன்று இருக்கும். கோத்தகிரி அருகே அரவேணுவில் வீட்டு முற்றம். நிறம் தரும் பேஸ் கோட் அருமையாக உட்கார்ந்துவிட்டது, அதன்மேல் நிறமில்லாத கிளியர் அடித்துக்கொண்டிருந்தேன். குஞ்சப்பனைப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வேலியைத் தாண்டியது. கவரின் மேல் விளிம்பில் முதலில் ஒரு மங்கல். பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, வெள்ளையாப் படியுதுப்பா" என்றாள். நான் பார்க்கப் பார்க்க அந்த மங்கல் கீழே இறங்கி, கவர் முழுக்கப் பாலாடை மூடிய மாதிரி ஆகிவிட்டது. தின்னர் ஆவியாகும்போது பெயின்ட் பரப்பு குளிர்ந்துவிடுகிறது, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் பனி மாதிரி இறங்குகிறது, அந்த ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. இதுதான் நடப்பது. லேசாக வெளுத்திருந்தால் மறுநாள் நல்ல வெயிலில் அதே கிளியரை மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். என்னுடையது தெளியவில்லை, எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தேன்.

அதனால் வீட்டில் இரண்டு தெர்மாமீட்டர் வையுங்கள். ஒன்றின் குமிழில் விளக்குத் திரியை நனைத்துச் சுற்றி, இரண்டுக்கும் விசிறிவிட்டுப் பாருங்கள். 20 டிகிரி வெப்பத்தில் வித்தியாசம் 4 டிகிரிக்கு மேல் இருந்தால் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது, தைரியமாக அடிக்கலாம். 2 டிகிரிதான் என்றால் கேனைத் தொடாதீர்கள். நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரைதான் நமக்குக் காலம். அதிலும் காலை பத்தரையிலிருந்து ஒன்றரை வரைதான் நான் அடிப்பேன்.

அடிக்கும் முறைக்கு வருவோம். கேன் குளிர்ந்திருந்தால் துப்பித் துப்பி அடிக்கும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிஷம் நிறுத்தி வைத்து, நன்றாகக் குலுக்குங்கள். அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது. பிபி பிளாஸ்டிக்குக்கு அட்ஹீஷன் புரமோட்டர் ஒரு மெல்லிய கோட் அடித்து, கேனில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். பிரைமர் காய்ந்த மறுநாள், கவரின் அடிப்பக்கத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பிரைமர் வந்தால் திரும்பவும் சோப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். வராவிட்டால் 800 பேப்பரால் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

சில்வரில் ஒரு நுணுக்கம் உண்டு. கிட்டத்தில் வைத்து ஈரமாக அடித்தால் நிறம் கறுக்கும், தள்ளி நின்று வறட்சியாக அடித்தால் வெளுக்கும். ஒரே கேன்தான், அடிக்கும் கையில்தான் இந்த வித்தியாசம். அதனால் பழைய பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் அடித்து, பாதிக்குக் கிளியர் போட்டு, காயவிட்டுக் கதவோடு ஒட்டிப் பிடித்து நிழலிலும் வெயிலிலும் பாருங்கள். கிளியர் இல்லாத பாதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். கவரைக் காரில் எப்படி நிற்குமோ அப்படியே மூங்கில் குச்சியில் நிறுத்தி அடியுங்கள். படுக்க வைத்து அடித்தால் அலுமினியத் துகள் வேறு மாதிரி படிந்து, மாட்டிய பிறகு நிறம் தனியாகத் தெரியும்.

20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, கவருக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடிகிற மாதிரி கையை ஓட்டுங்கள். மூன்று மெல்லிய கோட். கேனில் பத்து நிமிஷம் என்று போட்டிருந்தால் நம் குளிருக்கு இருபது நிமிஷம் விடுங்கள். சில்வரை வாட்டர் பேப்பரால் தேய்க்காதீர்கள். கிளியர் முதலில் தூசி மாதிரி ஒரு கோட், பிறகு ஈரமாக இரண்டு.

ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் நீண்ட நாள் உழைக்கும், பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். துணி மாஸ்க் போதாது. துகள் வடிகட்டியும் சேர்ந்த ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, கண்ணாடி மூன்றும் இருந்தால் மட்டும், திறந்த வெளியில், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அடியுங்கள். அது இல்லையென்றால் சாதாரண கிளியரே போதும்.

ராத்திரி வெளியில் விடாதீர்கள், பனி இறங்கும். அடுப்பும் ஹீட்டரும் இல்லாத, யாரும் படுக்காத அறையில் வையுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. ஒரு வாரம் கழித்து உள்விளிம்பில் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாவிட்டால் 2000 பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும் போட்டு மெருகேற்றலாம். மாட்டும்போதும் கிளிப்புகளுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

மீதிக் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அழுத்திவிட்டு எடுத்து வையுங்கள், நாசில் அடைக்காது. எனக்குக் கைப்பிடி நான்கும் பாக்கி இருக்கின்றன. அதற்கான பிரைமர் வாங்கி வைத்துவிட்டேன். இன்று காலை வித்தியாசம் இரண்டரை டிகிரிதான் இருந்தது.