கேரவனுக்கு ஹைட்ராலிக் ஸ்லைடா, எலக்ட்ரிக் ஸ்லைடா? வாங்குமுன் பார்க்க வேண்டியவை

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனான டிராவல் டிரெய்லரை நிறுத்தியதும் சுவரின் ஒரு பகுதி பெட்டி மாதிரி வெளியே நகர்ந்து அறை பெரிதாகும். அதுதான் ஸ்லைடு அவுட். நம் நாட்டு விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதனால் ஓடும்போது ஸ்லைடு முழுக்க உள்ளேதான் இருக்க வேண்டும்.

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். எண்ணெய்த் தொட்டியோடு பம்பும், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் ஓரமாக ஹோஸ்களும் தெரிந்தால், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக். மோட்டாரும், அது நகர்த்தும் பல் வெட்டிய சட்டமும் (பல்சட்டம்) இருந்தால் எலக்ட்ரிக். எலக்ட்ரிக்கிலேயே இன்னொரு வகையில் பக்கச் சுவர்களில் பல் வெட்டிய அலுமினியப் பட்டைகள் ஓடும், பக்கத்துக்கு ஒரு மோட்டார். ஹைட்ராலிக் என்றால் பேட்டரி தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பம்பைச் சுற்றுவதும் 12 வோல்ட் மோட்டார்தான்.

அடுத்து எடை. பெட்டிக்குள் சோபாவோ கட்டிலோ மட்டும் என்றால் எலக்ட்ரிக் தாராளமாகப் போதும். ஃபிரிட்ஜ், அடுப்பு, அலமாரி என முழுச் சமையலறையும் நகர வேண்டுமென்றால் ஹைட்ராலிக் பக்கம் போங்கள். ஒரே பம்ப் பல ஸ்லைடுகளையும், நிறுத்திய வண்டியைத் தாங்கும் ஜாக்கிகளையும் இயக்கும். ஆனால் அந்தப் பம்ப் நின்றால் எல்லாமே நிற்கும்.

நான் அதிகம் யோசிக்கச் சொல்வது ரிப்பேரைப் பற்றி. சென்னையில் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் பயமில்லை. ஜேசிபி, டிப்பர் வண்டிகளுக்கு ஹோஸ் பிரஸ் பண்ணித் தருபவர்கள் அதே அளவில் போட்டுக் கொடுப்பார்கள். பல சிஸ்டங்களில் ஊற்றுவது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கான ஏடிஎஃப் எண்ணெய், அது வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். சேஸிஸுக்கு அடியில் இருக்கும் எலக்ட்ரிக் வகையில் பல் தேய்ந்தால் அம்பத்தூர்ப் பட்டறைகளில் புதிதாக வெட்டித் தருவார்கள். சுவருக்குள் ஓடும் வகையின் சின்ன மோட்டாருக்கோ ஒரிஜினல் பார்ட்டுக்காகக் காத்திருக்க நேரிடும். ஒரே ஒரு ஸ்லைடு போதும் என்பவர்களுக்கு நான் சொல்வது சேஸிஸ் அடி எலக்ட்ரிக்தான்.

இப்போது ஓட்டிப் பாருங்கள். ரசமட்டம் வைத்து வண்டியைச் சமப்படுத்துங்கள், பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், வெளியே தூண், மரக்கிளை எதுவும் இடிக்கக் கூடாது. ஸ்விட்சைப் பாதியில் விட்டுவிட்டு அழுத்தாமல், கடைசி வரை போனபின்னும் சில விநாடி பிடித்திருங்கள். ஹைட்ராலிக்கில் அப்போதுதான் அழுத்தம் முழுதாக ஏறும். இரட்டை மோட்டார் வகையில் இரு பக்கமும் ஒத்துப்போக அதுவே வழி, இல்லையென்றால் பெட்டி கோணலாகிச் சிக்கும். ஹைட்ராலிக்கில் எண்ணெய் அளவை எல்லா ஸ்லைடும் ஜாக்கியும் உள்ளே இருக்கும்போது பாருங்கள். சிலிண்டர் முனையில் துணியால் துடைத்தால் கசிவு தெரிந்துவிடும்.

ஈசிஆர் பக்கம் நிறுத்தினால் உப்புக்காற்று பல்சட்டத்தையும் சிலிண்டர் தண்டையும் அரிக்கும். ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்லைடின் கூரையில் தேங்கிய தண்ணீரையும் வேப்பிலைச் சருகையும் தள்ளிவிட்டுத்தான் உள்ளே இழுக்க வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் கட்டிலுக்கு வரும். ரப்பர் சீலுக்கு சிலிகான் ஸ்பிரே மட்டும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

பணம் கொடுக்குமுன், பேட்டரி செத்தால் கையால் எப்படி இழுப்பது என்று விற்பவரையே செய்து காட்டச் சொல்லுங்கள். எலக்ட்ரிக்கில் பெரும்பாலும் கைப்பிடியோ ஸ்பானரோ போட்டுச் சுற்றுவது. ஹைட்ராலிக்கில் பல பம்புகளை டிரில் மெஷின் மாட்டிச் சுற்றலாம். அந்தக் கைப்பிடி வண்டியிலேயே இருக்கிறதா என்றும் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.