பஸ்ஸர் அடித்ததும் யார் எங்கே ஓடுவது?

சாயக் குண்டால் எதிரணியைச் சுட்டு வெளியேற்றும் பெயின்ட்பாலில் புதிய அணிகள் ஆட்டத் தொடக்கத்தைத் திட்டமிடும் விதம் எனக்கு ஒத்துவருவதே இல்லை. "நீ ஸ்நேக் பக்கம், நீ டொரிட்டோ பக்கம்" என்று ஐந்து பேருக்கும் பங்கரைப் பிரித்துக் கொடுத்ததோடு சரி. (பங்கர் என்பது ஒளிந்துகொள்ளும் காற்றடைத்த தடுப்பு. ஒரு ஓரத்தில் தாழ்வாக நீளும் தடுப்புகள் ஸ்நேக், மறு ஓரத்தில் நிற்கும் முக்கோணத் தடுப்புகள் டொரிட்டோ.) பங்கர்களுக்கு இடையே உள்ள சந்துகளில் யார் எதைச் சுடுவது என்று நான் முதலில் முடிவு செய்வேன். ஓட்டம் அப்புறம்தான்.

போட்டி மைதானத்தின் இரண்டு பாதியும் ஒரே அமைப்பு. அதனால் உங்கள் தொடக்கப் பலகையருகே நின்று, எதிரணி ஆள் மூலைக்கு ஓடினால் எந்தெந்த இடைவெளியில் தெரிவார் என்று பாருங்கள். முழங்கால் போட்டும் ஒருமுறை பாருங்கள். நிற்கும்போது மறைந்திருந்த சந்து கீழிருந்து தெரியும். அதே சந்து வழியாகத்தான் அவர்களும் உங்களை அடிப்பார்கள்.

மைதானம் 150 அடி நீளம். குண்டின் வேகம் நொடிக்கு 300 அடிக்குள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஓடுபவர் 10 அடி தள்ளிப் போயிருப்பார். எனவே ஆளைக் குறிவைக்காதீர்கள். அவர் வரப்போகும் காலி இடத்தில், இடுப்பு உயரத்தில், மார்க்கரை (குண்டு சுடும் துப்பாக்கியை) ஆடாமல் பிடித்து விடாமல் சுடுங்கள். குண்டு மழைக்குள் அவராகவே வந்து விழுவார். ஆளைத் துரத்தி மார்க்கரைத் திருப்புபவரை நான் லேன் சுட, அதாவது இப்படி ஒரே சந்தில் விடாமல் சுட, வைப்பதில்லை.

நான்கு சந்துக்கு நான்கு பேர் என்று பிரிப்பதைவிட, ஸ்நேக் சந்து ஒன்றுக்கே இரண்டு பேரைப் போடுவது எனக்குப் பிடிக்கும். பின்னால் ஹோமில், அதாவது தொடக்க இடத்துப் பங்கரில், நிற்பவர் ஒருவர். நடுவில் தாமதமாகக் கிளம்புபவர் இன்னொருவர்.

வலப்பக்கம் ஓடுபவர் மார்க்கரை இடக்கையில் பிடிக்க வேண்டும். எதிரணி அவருக்கு இடப்புறம் இருப்பதால், ஓடிக்கொண்டே சுட அப்போதுதான் வாகாக இருக்கும். இடப்பக்கம் என்றால் வலக்கை. வழியில் அடி பலமாக இருந்தால் எந்தப் பங்கரில் நின்றுவிடுவது என்பதையும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அவர் அவுட்டானால் அந்தப் பக்கம் நகரப்போவது யார் என்பதும் பஸ்ஸருக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

பயிற்சியில் உங்கள் ஆட்களையே எதிரே நிறுத்திச் சுடச் சொல்லி, அந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடிப் பாருங்கள். பெரும்பாலும் அடிபட்டால் ஓட்டத்தை ஒரு நொடி தள்ளிவையுங்கள். அந்த ஒரு நொடியும் அவர் சும்மா நிற்கக் கூடாது. எதிர்ச் சந்தில் நாலு குண்டு அடித்துவிட்டுக் கிளம்பட்டும்.