கேம்ப் ஃபயரில் நீலமும் பச்சையும் வரவழைப்பது எப்படி?

தீயில் எதையாவது தூவினால் நிறம் மாறும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எப்போது தூவுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விறகு கொழுந்துவிட்டு எரியும்போது கரித்துகள்கள் கனன்று மஞ்சளாக ஒளிர்கின்றன. அந்த மஞ்சளுக்கு முன்னால் எந்த நிறமும் எடுபடாது. தீ அடங்கி, கங்குகளின் மேல் குட்டையான சுடர்கள் மட்டும் ஆடும்போது போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே நிகழ்ச்சியை இரண்டாகப் பிரியுங்கள்: முதல் ஒரு மணி நேரம் உயரமான தீ, பிறகு வண்ணம்.

இருபது பேருக்கு நன்றாகக் காய்ந்த சவுக்கு விறகு 20 முதல் 25 கிலோ போதும், பிளந்தது, ஒன்றரை அடி நீளம். இரண்டு கட்டைகளை இணையாக வைத்து, அவற்றின் மேல் குறுக்கே இரண்டு, மறுபடி இரண்டு என்று ஐந்து அடுக்கு சதுரமாக ஏற்றுங்கள். பெரிய கட்டைகள் அடியில், சிறியவை மேலே. உச்சியில் தேங்காய் நாரும் சுள்ளியும் வைத்து, நடுவே நான்கைந்து கற்பூரத்தைச் செருகி, மேலிருந்து பற்ற வையுங்கள். தீ மெல்லக் கீழே இறங்கும். புகை குறையும், சுடர் நேராக எழும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். ஈர விறகென்றால் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும், மிஞ்சுவது புகைதான்.

இனி வண்ணம். நீலப்பச்சைக்கு மயில்துத்தம், அதாவது செம்பு உப்பான காப்பர் சல்பேட். உரக்கடையில் கிடைக்கும். தனியாகப் போட்டால் பச்சைதான் தூக்கலாக இருக்கும். குளோரின் சேர்ந்தால் நீலம் கூடும். அதற்கு அதே கடையிலுள்ள மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு) உரம். சமையல் உப்பிலும் குளோரின் உண்டு, ஆனால் அதிலுள்ள சோடியம் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். மயில்துத்தம் 200 கிராம், பொட்டாஷ் 100 கிராம். மயில்துத்தக் கற்களைப் பழைய துணியில் சுற்றி, சுத்தியலால் ரவை பதத்துக்கு உடைத்தால் போதும். வீட்டு மிக்ஸியில் அரைக்கவே கூடாது, இது விஷம். கையுறை அவசியம். மாவாகப் பொடித்தால் தூசி மூக்கில் ஏறும்.

நல்ல பச்சைக்குக் கேரம் போர்டு பவுடர். டப்பாவில் போரிக் ஆசிட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேறு பொடி என்றால் பச்சை வராது. நாட்டு மருந்துக் கடை வெங்காரமும் பச்சை தரும், ஆனால் அதிலும் சோடியம் இருப்பதால் மஞ்சள் கலந்துதான் தெரியும். எப்சம் உப்பு வெள்ளைச் சுடர் தரும் என்று இணையத்தில் எழுதியிருப்பார்கள். மக்னீசிய உப்புக்குத் தனி நிறமே கிடையாது, காசு வீண்.

மயில்துத்தத்தையும் பொட்டாஷையும் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். அதோடு போரிக் பவுடரைக் கலக்காமல், 30 கிராம் வீதம் நாளிதழ்த் தாளில் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். மயில்துத்தத்தில் பத்து, போரிக்கில் ஐந்து இருந்தால் ஒரு மணி நேரம் ஓடும். பொட்டலத்தை வீசாமல், நீளமான இடுக்கியால் கங்குகளுக்கு நடுவே வையுங்கள். தாள் எரிந்து, இரண்டொரு நிமிடத்தில் ஓரங்களில் நீலம் கிளம்பும். அடுத்ததை வேறு மூலையில் வையுங்கள். ஒரே இடத்தில் குவித்தால் கங்கு அணைந்துபோகும். சுற்றியுள்ள விளக்குகளை அணைத்துவிடுங்கள். மொபைலில் எடுப்பவர்கள் திரையில் சுடர் தெரியும் இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் எல்லாம் வெளிறித்தான் விழும்.

மயில்துத்தம் தீயில் சூடாகும்போது கந்தக நெடி வரும். புகை போகும் பக்கம் காலியாக இருக்கட்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்காரலாம். சோளமோ சர்க்கரைவள்ளியோ சுட வேண்டுமென்றால் முதல் பொட்டலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதன்பின் அந்தத் தீயில் உணவே கூடாது. வெடியுப்பு, பட்டாசு மருந்து, மக்னீசியப் பொடி, ஸ்பிரிட் எதையும் போடாதீர்கள். செம்புக் குழாய்க்குள் பிளாஸ்டிக் ஹோஸைச் செருகி எரிக்கும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம், நிறத்தோடு நச்சுப் புகையும் வரும். ஆற்றுக் கல்லைத் தீயைச் சுற்றி அடுக்கினால் உள்ளே தங்கிய ஈரம் கொதித்து வெடிக்கலாம், செங்கல் போதும்.

இதெல்லாம் ரிசார்ட் மைதானத்துக்கும் சொந்தத் தோட்டத்துக்கும்தான், அனுமதியோடு. காப்புக்காட்டில் தீ மூட்டுவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறக்க முடியாது. பிப்ரவரி முதல் மே வரை புல் காய்ந்திருக்கும் மலைப்பகுதியில் வெட்டவெளியிலும் தவிர்த்துவிடுங்கள்.

அணைக்கும்போது மணலைப் போட்டு மூடாதீர்கள். அடியில் கங்கு மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். வெறுங்காலோடு நடப்பவர் அதில் மிதித்துவிடுவார். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது. சாம்பலில் செம்பு இருப்பதால் செடிக்கோ குளத்துக்கோ போகக் கூடாது. காலையில் ஆறியபின் சாக்கில் அள்ளிக் குப்பையில் சேருங்கள்.