எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு போன்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஃபிளாக்‌ஷிப் (நிறுவனத்தின் முதல்தர) போன் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் நான்கு யூடியூப் விமர்சனங்கள், பிறகு மெகாபிக்சல், பிறகு பிராசசர், எல்லாம் முடிந்த பின்பு பணத்துக்கு என்ன வழி என்ற யோசனை. இங்கே சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் உங்கள் பழைய போன், அடுத்து உங்கள் கை, பிறகு வசதிகள், அதன் பின் விலை. விலையைப் பின்னால் தள்ளியதற்குக் காரணம் உண்டு: மற்ற மூன்றையும் பார்த்து முடித்தால்தான் அதை எத்தனை ஆண்டுகளால் வகுப்பது என்று தெரியும்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது என்பதால் உண்மையான நான்கு போன்களை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் வந்த கூகுள் பிக்சல் 9, இந்திய அறிமுக விலை 79,999 ரூபாய். அடுத்த மாதம் வந்த ஐபோன் 16, 128 ஜிபி மாடல் 79,900. 2025 ஜனவரியில் வந்த ஒன்பிளஸ் 13, 69,999. அதே மாதம் அறிவிக்கப்பட்ட சாம்சங் கேலக்ஸி எஸ்25, 80,999. இவற்றின் வாரிசுகள் கடைக்கு வந்தாலும் கணக்குப் போடும் முறை மாறப்போவதில்லை.

முதல் படி: பழைய போன் மீதான புகாரை எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி போதும். சார்ஜ் மாலை வரை நிற்கவில்லை, இரவில் எடுக்கும் படம் கலங்குகிறது, இடம் நிறைந்துவிட்டது என்பது போல. பேட்டரி மட்டும்தான் புகார் என்றால் கடைக்குப் போகாதீர்கள். நிறுவனத்தின் சேவை மையத்தில் பேட்டரியை மாற்றினால், புதிய போன் விலையில் ஒரு சிறு பங்கில் வேலை முடிந்துவிடும். இடம்தான் பிரச்சினை என்றால் வாட்ஸ்அப்பில் குவிந்து கிடக்கும் காலை வணக்கப் படங்களை அழித்துவிட்டு மறுபடி யோசியுங்கள். இவற்றைத் தாண்டியும் புகார் மிஞ்சினால் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் படியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: வடிவமைப்பைக் கையால் பாருங்கள்

வடிவமைப்பு என்றதும் நிறமும் பின்பக்கக் கண்ணாடியும் நினைவுக்கு வருகின்றன. வாங்கிய அன்றே உறை போட்டு இரண்டையும் மூடிவிடுவோம். ஆண்டுக்கணக்கில் உங்களோடு இருக்கப்போவது எடையும் அகலமும்தான்.

எஸ்25-இன் எடை 162 கிராம், திரை 6.2 அங்குலம். ஐபோன் 16 சுமார் 170 கிராம், 6.1 அங்குலம். பிக்சல் 9 சுமார் 198 கிராம், 6.3 அங்குலம். ஒன்பிளஸ் 13 ஏறக்குறைய 210 கிராம், 6.82 அங்குலம். தாளில் பார்த்தால் 48 கிராம் வித்தியாசம் ஒன்றுமில்லை. படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பத்து நிமிடம் பிடித்துப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். சட்டைப் பையில் போன் வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குனியும்போது முதலில் வெளியே வந்து விழுவது பெரிய போன்தான்.

கடையில் ஒரு சிக்கல் உண்டு. காட்சிக்கு வைத்திருக்கும் போனின் பின்னால் திருட்டுத் தடுப்புக் கம்பி ஒட்டியிருக்கும், அதனால் உண்மையான எடை தெரியாது. கம்பியில்லாத ஒன்றைக் கேளுங்கள். நல்ல கடையில் தருவார்கள். ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் திரையின் எதிர்மூலையைத் தொட முயலுங்கள். பிடியை மாற்றாமல் எட்டுகிறதா? கைரேகை உணரி இருக்கும் இடம் விரலுக்கு இயல்பாக வருகிறதா? அதே கையால் ஒரு குறுஞ்செய்தியைத் தட்டச்சு செய்ய முடிகிறதா?

அடுத்து, அனுமதி வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் திரையைப் பாருங்கள். உள்ளே ஒளி அளவை முழுதாக ஏற்றி வைத்திருப்பார்கள், எல்லாத் திரையும் பளபளக்கும். விளம்பரத்தில் வரும் ஆயிரக்கணக்கான நிட்ஸ் (திரை ஒளியின் அளவு) பெரும்பாலும் திரையின் ஒரு சிறு பகுதி சற்று நேரம் எட்டும் உச்சம். நடுப்பகலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று யுபிஐ ரசீதைப் படிக்க முடியுமா என்பதே உங்களுக்கு வேண்டிய விடை.

மூன்றாம் படி: வசதிகளைப் புகார்த் தாளோடு ஒப்பிடுங்கள்

மடித்து வைத்த தாளை இப்போது எடுங்கள். தாளில் இல்லாத வசதிக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகத் தராதீர்கள்.

கேமராவில்தான் ஆரம்பநிலையினர் அதிகம் ஏமாறுகிறார்கள். 50 மெகாபிக்சல் கேமரா பொதுவாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவில் இருப்பது போன்ற 200 மெகாபிக்சல் கேமராவும் பதினாறு புள்ளிகளைச் சேர்த்து அதே 12-க்கு வந்து நிற்கும். எண்ணைவிட முக்கியம், எத்தனை வகை லென்ஸ் இருக்கிறது என்பது. நம் நான்கில் எஸ்25-இலும் ஒன்பிளஸ் 13-இலும் மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் தனியாக உண்டு. பிக்சல் 9, ஐபோன் 16 இரண்டிலும் அது இல்லை. நடுப்பகுதியை வெட்டித்தான் பெரிதாக்குகின்றன. பள்ளி ஆண்டுவிழாவில் பின்வரிசையில் அமர்ந்து மேடையில் ஆடும் மகளைப் படம் எடுப்பவருக்கு இந்த ஒரு வேறுபாடு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. சாப்பாட்டையும் நண்பர்களையும் மட்டும் எடுப்பவருக்கு அது வீண் செலவு.

கடையிலேயே சோதிக்கலாம். எதிர்ச்சுவரில் தொங்கும் விலைப்பலகையை மூன்று மடங்கு நெருக்கி எடுங்கள். உடன் வந்தவரைக் கையை ஆட்டச் சொல்லி ஒரு படம். நடந்துகொண்டே அரை நிமிடம் வீடியோ. பிறகு மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள்: எழுத்து படிக்க வருகிறதா, விரல்கள் கலங்கியிருக்கின்றனவா, பேச்சு தெளிவாகப் பதிவாகியிருக்கிறதா.

திரையின் புதுப்பிப்பு வேகத்தில், அதாவது படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதில், நான்கில் ஐபோன் 16 மட்டும் 60 ஹெர்ட்ஸ். மற்ற மூன்றும் 120. இரண்டை அருகருகே வைத்து ஒரு செய்தித் தளத்தை மேலும் கீழும் நகர்த்துங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லையா? நல்லது, பணம் மிச்சம்.

பேட்டரியில் ஒன்பிளஸ் 13-இன் 6,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) தெளிவான முன்னணி. 100 வாட் சார்ஜரும் பெட்டியிலேயே வந்தது. எஸ்25-இல் 4,000 எம்ஏஎச், 25 வாட்; சார்ஜர் தனியாக வாங்க வேண்டும். ஐபோனுக்கும் பிக்சலுக்கும் அப்படித்தான். எடை குறைவாக இருப்பதற்கான விலையை எஸ்25 பேட்டரியில் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபி68 என்ற தூசி, நீர்த் தடுப்பு முத்திரையை நம்பிக் குளத்தில் இறங்க வேண்டாம். அது நன்னீரில் செய்த ஆய்வகச் சோதனை. நீர் புகுந்து பழுதானால் உத்தரவாதம் பொதுவாகப் பொருந்தாது. மழைக்குப் போதும், கடலுக்கு ஆகாது.

செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்காக மட்டும் புதிய மாடலுக்குத் தாவாதீர்கள். எஸ்24-ஐ விற்க சாம்சங் முன்னிறுத்திய ஏஐ வசதிகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் மென்பொருள் புதுப்பிப்பாக எஸ்23-க்கும் வந்துசேர்ந்தன.

பிராசசர்? இந்த விலையில் எதுவும் மெதுவாக ஓடாது. தீவிரமாக விளையாடுபவர் தவிர மற்றவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போகலாம்.

நான்காம் படி: விலையை ஆண்டால் வகுங்கள்

பிக்சல் 9-க்கும் எஸ்25-க்கும் ஏழு ஆண்டு மென்பொருள் ஆதரவு என்று நிறுவனங்கள் அறிவித்தன. ஒன்பிளஸ் 13-க்கு நான்கு ஆண்ட்ராய்டு மேம்படுத்தல்களும் ஆறு ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்புகளும். ஆதரவு உள்ள வரை பயன்படுத்துவதாக வைத்தால் எஸ்25-க்கு ஆண்டுக்கு சுமார் 11,570 ரூபாய், பிக்சலுக்கு 11,430, ஒன்பிளஸுக்கு (ஆறால் வகுத்தால்) 11,670. பத்தாயிரத்துக்குக் குறையாமல் மலிவு என்று தோன்றிய போன் மற்றவற்றோடு சமமாகிவிட்டது. ஆனால் மூன்றே ஆண்டில் மாற்றுபவர் என்றால் எஸ்25-க்கு 27,000, ஒன்பிளஸுக்கு 23,300. ஆகவே நேர்மையாகச் சொல்லுங்கள்: இதற்கு முந்தைய போனை எத்தனை ஆண்டு வைத்திருந்தீர்கள்? அதுதான் வகுக்கும் எண். நீண்ட காலம் வைத்திருப்பவர்கள் நடுவில் ஒரு பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறுவிற்பனையைக் கணிக்க எளிய வழி இருக்கிறது. அதே வரிசையில் மூன்று ஆண்டு பழைய மாடலுக்கு இன்று எக்ஸ்சேஞ்சில் என்ன தருகிறார்கள் என்று பாருங்கள்; எஸ்25-க்கு எஸ்22. அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துவிட்டு வகுங்கள்.

இனி என் தரப்பு: வெளியான வாரத்தில் வாங்குபவர்தான் பெரும்பாலும் அதிக விலை தருகிறார். 79,999-க்கு வந்த பிக்சல் 9, 2025 தீபாவளிக் கால ஆன்லைன் விற்பனையில் சலுகைகளோடு சேர்த்துப் பாதி விலைக்கும் கீழே இறங்கியது. ஆதரவு ஆண்டுகள் வெளியான நாளிலிருந்துதான் எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. அப்படியும் அதற்கு ஏறக்குறைய ஆறு ஆண்டு மிச்சம் இருந்தது. நாற்பதாயிரம் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 6,700 ரூபாய்க்குள் வருகிறது.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் கூடாது. 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்தபோது ஐபோன் 16-இன் விலை 69,900 ஆனது. புதியது 82,900, ஆனால் 256 ஜிபி, 120 ஹெர்ட்ஸ் திரை. பதின்மூன்றாயிரத்தில் இரு மடங்கு இடமும் ஓர் ஆண்டு கூடுதல் ஆயுளும் கிடைக்கும்போது பழையதைத் தேடிப் போவதில் பொருளில்லை.

வட்டியில்லாத் தவணை என்ற பலகையின் கீழே நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: முழுத் தொகையையும் இப்போதே செலுத்தினால் விலை என்ன? வழக்கமாக வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடி என்று கழித்துவிட்டு, வங்கி அதையே வட்டியாக வசூலிக்கிறது. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். செயலாக்கக் கட்டணமும் சேரலாம். சார்ஜர், உறை, திரைக்காப்பு ஆகியவற்றைக் கூட்டுங்கள். திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு என்பதையும் வாங்கும் முன்பே சேவை மையத்தில் விசாரித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வாங்கும் நாளில்

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பழைய போன் வாங்குபவர்கள் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். திருட்டுப் போனாகப் பதிவாகி முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். மாற்றித் தரும் கெடு சில நாட்கள்தான் என்பதால் முதல் நாளே சிம் போட்டு ஓர் அழைப்பு, ஒலிபெருக்கி, எல்லாக் கேமராக்கள், சார்ஜ் ஏறும்போது சூடு ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளைத் திரையில் புள்ளி ஏதும் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். எல்லாம் சரி என்று தெரியும் வரை பழைய போனை அழித்துவிடவும் வேண்டாம், எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம். புதியது கைக்கு வரும்போதே பழையதை வாங்கிக்கொள்ளும் சலுகை என்றால் முந்தைய இரவே முழு பேக்கப் எடுத்து வைத்துவிடுங்கள்.