குடிநோய்க்கான சிகிச்சைச் செலவைக் குடிப்பவரே ஏற்க வேண்டுமா: முடிவெடுக்கும் முன் ஆராயும் முறை

அளவு மீறிக் குடிப்பவர்களுக்குப் பொதுப்பணத்தில் சிகிச்சை அளிக்கக் கூடாது என்ற கருத்தை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னால், அதைச் செயல்படுத்தும் பொறுப்பு உங்களிடமே வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்.

முதலில், யார் அளவு மீறிக் குடிப்பவர் என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாளில் 10 கேள்விகளும் 40 மதிப்பெண்களும் உள்ளன. 8 பெற்றாலே கேடு தரும் குடிப்பழக்கம் என்றும், 20 பெற்றால் மதுவுக்கு அடிமையாகியிருக்கக்கூடும் என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் நோயாளி உண்மையைச் சொன்னால்தான் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டு. சொல்லும் பதிலைப் பொறுத்துக் கட்டணம் விதிக்கப்படும் என்று தெரிந்த பிறகு எத்தனை பேர் உள்ளதைச் சொல்வார்கள்?

என் பார்வையில் இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. கால் எலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட ஒருவர், கட்டணத்துக்கு அஞ்சித் தன் குடிப்பழக்கத்தை மறைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். குடி நின்ற சில மணி நேரத்திலேயே கைகள் நடுங்கி வியர்க்கத் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். முன்பே தெரிந்திருந்தால் உரிய மாத்திரைகளால் பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய இந்த நிலை, தெரியாமல் போனதால் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். உயிரையே பறிக்கவும் கூடும். மிச்சப்படுத்த நினைத்த பணத்தைவிட அதிகம் செலவாவதும் அங்கேதான்.

அடுத்து, நோயில் மதுவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். கல்லீரல் சுருக்க நோய்க்கு மஞ்சள் காமாலைக் கிருமிகளும் உடற்பருமனும்கூடக் காரணமாகலாம். மது புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. ஆயினும் ஒரு பெண்ணின் மார்பகப் புற்றுநோய் அதனால்தான் வந்தது என்று எந்த மருத்துவராலும் சான்றளிக்க இயலாது.

யார் உண்மையில் பணம் கட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். நாள்பட்ட குடிநோயாளியின் கையில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிருக்காது. அவருடைய குடியால் ஏற்கெனவே நொந்துபோன மனைவியும் பிள்ளைகளும்தான் கடன் வாங்குவார்கள்.

இதனால் வரி செலுத்துபவரின் ஆதங்கம் தவறாகிவிடாது. மதுவால் 2019-இல் உலகெங்கும் சுமார் 26 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தச் சுமையை யாரோ ஒருவர் தாங்கத்தான் வேண்டும். ஆனால் அதை வசூலிக்கும் இடம் மருத்துவமனைக் கட்டில் அன்று, மது விற்கும் இடம். அங்கே விலையோடு சேர்ந்த வரியாக, அதிகம் குடிப்பவர் தாமாகவே அதிகம் செலுத்துகிறார். யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. மதுவின் விலை கூடினால் இறப்புகளும் குறையலாம்: ஸ்காட்லாந்து 2018-இல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது. மதுவை மட்டுமே காரணமாகக் கொண்ட இறப்புகள் அதனால் சுமார் 13 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளியான அரசுத் தரப்பு மதிப்பீடு கூறியது.

ஆகவே உங்கள் ஆய்வை ஒரு கணக்கில் கொண்டுபோய் நிறுத்துங்கள்: மது வரியாக அரசுக்கு வருவது எவ்வளவு, அதில் குடிநோய் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் போய்ச் சேர்வது எவ்வளவு என்று உங்கள் மக்கள் பிரதிநிதியிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.