வெளிநாட்டோடு உறவு கட்டும்போது நாம் சறுக்கும் இடங்கள்: வடசென்னையிலிருந்து ஒரு பார்வை

தமிழ்நாடு ஏதோ ஒரு வெளிநாட்டோடு கைகோக்கிறது என்று செய்தி வந்தால், கூடவே வரும் படம் பெரும்பாலும் நந்தம்பாக்கம் வர்த்தக மையம்தான். இரண்டு கொடி, நாலு கோட்டு, ஒரு பூங்கொத்து. அதில் ராயபுரமும் வராது, எண்ணூரும் வராது. ஆனால் சரக்கு ஏறுவதும் இறங்குவதும் இந்தப் பக்கம்தான். துறைமுக வாசலில் லாரிகளுக்கு நடுவே புகுந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு, இந்த உறவுகள் எங்கே இடறுகின்றன என்பது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

அடிக்கடி நடக்கும் தவறு, ஒப்பந்தத் தொகையை அன்றைக்கே வரவில் எழுதிவிடுவது. 2024 ஜனவரியில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் ரூ.6.64 லட்சம் கோடிக்கு உறுதிமொழி வந்தது. வந்தது உறுதிமொழி, பணம் இல்லை. புரிந்துணர்வு ஒப்பந்தம் பெரும்பாலும் சட்டப்படி யாரையும் கட்டாது. கையெழுத்துப் போட்டவர் பின்வாங்கினால் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. எனவே தொகையை ஓரமாக வைத்துவிட்டு, நிலம் கைமாறியதா, மின் இணைப்புக்கு மனு போட்டார்களா, ஆள் எடுத்தார்களா, எடுத்ததில் உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இன்னொன்று, மாநில அரசு நினைத்தால் எந்த நாட்டோடும் எதுவும் பேசி முடித்துவிடலாம் என்ற நினைப்பு. வெளியுறவும் அயல்நாட்டு ஒப்பந்தங்களும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. சுங்க வரியும் அங்கேதான். முதலீட்டை அழைப்பது, பல்கலைக்கழகங்களை இணைப்பது, கலைக்குழு அனுப்புவது, சகோதர நகரம் அமைப்பது என்று மாநிலத்துக்கும் மாநகராட்சிக்கும் இடம் இருக்கிறது. டெல்லியின் ஒப்புதலைக் கடைசியில் தேடாமல் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மாநிலங்களுக்காக வெளியுறவு அமைச்சகத்தில் 2014 முதல் தனிப் பிரிவே இருக்கிறது.

சகோதர நகரம் என்றேன். சென்னைக்கு 1966-லேயே ரஷ்யாவின் வோல்கோகிராடு, 1984-ல் அமெரிக்காவின் டென்வர் சகோதரிகள் ஆகிவிட்டன. வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று. ஆண்டுக்கு ஒரு வேலை, அதற்கு ஒரு பொறுப்பாளர், சிறிதாவது ஒரு நிதி என்று முதல் நாளே எழுதி வைக்காத உறவு, மேயர் மாறியதும் பரணுக்குப் போய்விடும்.

கண்ணெதிரே இருக்கும் பர்மா

எனக்கு மிகவும் உறுத்தும் தவறு இதுதான்: ஏற்கெனவே இருக்கும் பாலத்தைக் கவனிக்காமல் புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டுவது.

1960-களில் பர்மாவின் ராணுவ அரசு கடைகளையும் வணிகத்தையும் தேசியமயமாக்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அங்கிருந்து கிளம்பினார்கள். அதில் பெரும் பங்கு தமிழர்கள். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் 1969-ல் வந்தது இவர்களுக்காகத்தான். வியாசர்பாடியிலும் குடியமர்ந்தார்கள். சாயங்காலம் செகண்ட் லைன் பீச் பக்கம் போனால் அத்தோ கடைக்காரர் நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் வைப்பார். நாம் அதை ‘ஸ்ட்ரீட் ஃபுட்’ வீடியோவாக எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். பர்மிய மொழி பேசத் தெரிந்த கடைசித் தலைமுறை அந்தக் குடும்பங்களில்தான் இருக்கிறது என்பது, மியான்மரோடு வணிகம் பேச நினைப்பவர்களுக்கு ஏனோ தோன்றுவதில்லை.

பேச என்ன இருக்கிறது என்றால், உளுந்து இருக்கிறது. நம் இட்லி மாவுக்குப் போகும் உளுந்தில் கணிசமான பங்கு யாங்கோனில் கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் இறங்குவதுதான். மண்டியில் ‘எஃப்.ஏ.க்யூ. என்ன ரேட், எஸ்.க்யூ. என்ன ரேட்’ என்று கேட்பதெல்லாம் பர்மா உளுந்தின் தரங்களை. 2021-ல் இந்தியா மியான்மரோடு போட்ட ஏற்பாட்டின்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வழியாக வரலாம் என்று முடிவானது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒரே நாட்டை, ஒரே சரக்கை, ஒரே துறைமுகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை மண்டிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பர்மா விஷயத்திலேயே இன்னொரு தவறும் நடக்கிறது. நம் பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறோம். ‘உழைத்துச் சேர்த்ததை எல்லாம் பிடுங்கிக்கொண்டு துரத்திவிட்டார்கள்’ என்பது உண்மை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-களின் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் போய், சுமார் கால் பங்கு நிலம், கடன் கொடுத்திருந்த தமிழ்நாட்டுச் செட்டியார்கள் கைக்கு வந்ததும் உண்மை. பர்மிய விவசாயியின் பேரனுக்கு ‘செட்டியார்’ என்றால் இந்த இரண்டாவது கதைதான் ஞாபகத்தில் இருக்கும். கலாசார விழா நடத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மேடையேறினால், விருந்தாளி முகம் சுளிப்பதையாவது தவிர்க்கலாம்.

கொரியாவோடு பேசும்போது, கடல் கடந்து போய்க் கொரிய அரசனை மணந்த இளவரசி நம்மூர்க்காரிதான் என்று ஆளுக்கொரு கதை எடுத்துவிடுவதும் இதே ரகம். 13-ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலில் அவள் ‘அயுத்தா’ நாட்டிலிருந்து வந்ததாக இருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கன்னியாகுமரி வரை இழுப்பது சுவாரசியமான ஊகம். அரசு அழைப்பிதழில் அச்சடிக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

தொழில் தங்குமா, ஷெட் மட்டும் தங்குமா

வெளிநாட்டு நிறுவனம் வந்தால் வேலை எத்தனை என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. திருவொற்றியூரைப் பாருங்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் இயந்திரங்களும் வந்து, வண்டி முழுக்க இங்கேயே உருவானது. 1970-களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்துக் கம்பெனியே இல்லாமல் போய்விட்டது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது! வேலை தெரிந்த கை இங்கே இருந்ததால் நடந்தது அது. 1948-ல் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், பிறகு லேலண்டோடு சேர்ந்து லாரி செய்யக் கற்றதும் இதே பாதையில்தான். இன்றைய ஒப்பந்தங்களில் அச்சும் வரைபடமும் பயிற்சியும் எந்த ஆண்டுக்குள் இங்கே வரும் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

வாங்குகிற நாட்டின் சட்டத்தை அலட்சியம் செய்வதற்குக் காசிமேடு சாட்சி. ஆமைகளைக் காக்கும் ஏற்பாடு இல்லை என்று அமெரிக்கா 2019-ல் இந்தியாவின் கடல் இறாலுக்குக் கதவை மூடியது. பண்ணை இறாலுக்குத் தடை இல்லை. அடி வாங்கியது கடலுக்குப் போகிறவர். கேட்கப்பட்ட கருவி ஒரு கம்பிச் சட்டம். இழுவலையின் மடிக்கு முன்னால் அதைக் கட்டினால், இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மடிக்குப் போகும், பெரிய ஆமை சட்டத்தில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறும். கூடவே மீனும் போய்விடுமே என்பது படகுக்காரர் பயம். அதில் நியாயம் இருக்கிறது. அந்த இழப்பை யார் ஏற்பது என்று அரசு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கிய படங்களை வாங்குகிற நாட்டுக்காரரும் பார்த்திருப்பார்.

கடைசியாக, தெருச் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும். கலாசார விழாவுக்கு வெளிநாட்டுப் பணம் வாங்குவதானால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் திறந்த தனிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கும் தம்பி சொந்தச் சம்பளத்திலிருந்து வங்கி வழியாகச் சங்கத்துக்கு அனுப்புவது இதில் சேராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால் சேரும், அவர் பிறந்தது கொருக்குப்பேட்டையே ஆனாலும். ஷாமியானாவுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஆடிட்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.